ஒரு ஏரி, ஒரு வருடம்: ட்ரோனில் நீண்டகால டைம்லாப்ஸ் எடுப்பது எப்படி?

புரட்டாசியில் பார்த்தால் ஏரி நடுவில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். நல்ல மழை பெய்தால் கார்த்திகை முடிவதற்குள் அதே இடத்தில் தண்ணீர் நிறைந்து கலிங்கு வழியாக வழியும், தை மாதம் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் வயல்கள்) முழுக்க மஞ்சளாகும், சித்திரையில் மறுபடி வெடித்த மண். இந்த முழுச் சுற்றையும் மேலிருந்து 20 விநாடியில் காட்ட முடியும். வாரம் ஒருமுறை ட்ரோனை ஏற்றி, ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே கோணத்தில் படம் எடுத்து வந்தால் போதும். பறக்கவிடுவது சுலபம்தான். இந்த வாரப் படமும் போன வாரப் படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும், வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் ஏரி ஒன்றை வைத்துச் சொல்கிறேன், வயலுக்கும் வீடு கட்டும் இடத்துக்கும் இதே முறைதான்.

முதலில் அனுமதி

ட்ரோன் விதிகள் 2021 படி ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்க வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் உங்கள் ஏரி பச்சை மண்டலத்தில் இருந்தால் 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி தேவையில்லை; விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 60 மீட்டர்தான். இந்த மாவட்டத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம் இரண்டும் பக்கத்தில் இருப்பதால் வரைபடத்தைப் பார்க்காமல் இடத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு வருட வேலை என்பதால் ஊராட்சித் தலைவரிடமும் நீர்ப்பாசனச் சங்கத்துக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொக்கும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டும் ஏரி என்றால் அதை விட்டுவிட்டு வேறு ஏரி பாருங்கள். குஞ்சு இருக்கும் கூட்டுக்கு மேல் வாரா வாரம் சத்தம் போட எந்தப் படத்துக்கும் உரிமை கிடையாது.

காட்சியைத் தேர்ந்தெடுப்பது

ஏரியில் எல்லாமே மாறும். தண்ணீர் ஏறி இறங்கும், ஆகாயத்தாமரை பரவும், சீமைக்கருவேலத்தை வெட்டுவார்கள், அது திரும்ப முளைக்கும். அதனால் மாறாத பொருள்கள் குறைந்தது மூன்று படத்துக்குள் இருக்க வேண்டும். கோயில் கோபுரம், கலிங்கின் இரண்டு முனைகள், மதகு மேடை, தூரத்துக் குன்று இவையெல்லாம் நல்ல அடையாளங்கள். பிறகு படங்களை அடுக்கும்போது இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் பொருத்தப் போகிறோம்.

கேமராவுக்கு மிக அருகில் பனைமரமோ செல்போன் டவரோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரோன் ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் கிட்டத்தில் இருக்கும் பொருள் பெரிதாக நகரும், தூரத்தில் இருப்பது நகராது, அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. வானம் மெல்லிய பட்டையாக மேலே தெரிந்தால் போதும், நிறைய வைத்தால் மேகம் தாவித்தாவிக் கண்ணை இழுக்கும். கடைசியில் வெட்டுவதற்குச் சுற்றிலும் 10 முதல் 15 சதவீதம் இடம் விடுங்கள். படத்தை 4:3 அளவில் எடுத்தால் மேலும் கீழும் தாராளமாக இடம் கிடைக்கும்.

கிளம்பும் கல்

பலரும் அலட்சியமாக விடும் படி இதுதான். திரையில் தெரியும் உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது கிடையாது, நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. ஒரு வாரம் ஏரிக்கரை மேலிருந்தும் அடுத்த வாரம் கரைக்குக் கீழே பைக் நிறுத்திய இடத்திலிருந்தும் கிளம்பினால், இரண்டு தடவையும் 80 மீட்டர் என்றே காட்டும், ஆனால் உண்மை உயரத்தில் கரையின் உயரம் அளவுக்கு வித்தியாசம் வந்துவிடும். கையில் பிடித்துக் கிளப்பினாலும் இதே கதைதான்.

ஆகவே கரையில் தட்டையான ஒரு கல்லைப் பாருங்கள். அதன்மேல் வெள்ளை பெயின்டில் ட்ரோன் உட்காரும் அளவுக்கு ஒரு வட்டம், மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு அம்புக்குறி. கம்பி போட்ட சிமெண்ட் பாலம், மதகின் இரும்பு ஷட்டர் பக்கத்தில் வேண்டாம், திசைகாட்டி குழம்பும். பைக்கையும் தள்ளி நிறுத்துங்கள். ட்ரோனை ஆன் செய்து இரண்டு நிமிடம் அப்படியே விட்டு, செயற்கைக்கோள் எண்ணிக்கை நன்றாக ஏறி, ஹோம் பாயின்ட் (ட்ரோன் திரும்பி வரவேண்டிய இடம்) பதிவான பிறகு கிளப்புங்கள்.

எந்தப் பிழை எவ்வளவு பெரியது

சாதாரண ட்ரோன்கள் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி நிற்கும்போது பக்கவாட்டில் சுமார் 1.5 மீட்டர் தள்ளி நிற்கலாம். 100 மீட்டர் தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது இது ஒரு டிகிரிக்கும் குறைவு. 24 எம்எம் லென்ஸில் 4000 பிக்சல் அகலப் படத்தில் ஏறக்குறைய 40 பிக்சல் நகர்வு வரும், அவ்வளவுதான். ட்ரோனின் மூக்கு 2 டிகிரி திரும்பியிருந்தாலோ ஏறக்குறைய 100 பிக்சல் போய்விடும். அதனால் இடத்தை விட திசையில் கவனம் வையுங்கள். இருக்கும் நேரத்தையெல்லாம் அதற்கே செலவழித்தாலும் தப்பில்லை.

செய்யும் முறை இதுதான்: முதல் நாள் எடுத்த படத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் ஆப்பில் கட்டக் கோடுகளை ஆன் செய்யுங்கள். கோபுர உச்சி இடப்பக்கக் கோட்டில் எங்கே தொட்டது, கலிங்கின் முனை வலப்பக்கக் கோட்டுக்கு எவ்வளவு உள்ளே இருந்தது என்று பார்த்து, ஸ்டிக்கை மெதுவாகத் தொட்டுத் தொட்டு அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிம்பல் (கேமராவைத் தாங்கிச் சாய்க்கும் பகுதி) சாய்வு எண்ணாகவே திரையில் வரும், முதல் நாள் கீழ்நோக்கி 25 டிகிரி என்றால் கடைசி நாளும் 25தான். பத்து விநாடி ஆடாமல் நிற்கவிட்டு ஐந்தாறு படம் எடுத்துவிட்டால், வீட்டில் அதிகம் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ட்ரோனில் வேபாயின்ட் வசதி இருந்தால் இடம், உயரம், திசை, சாய்வு எல்லாவற்றையும் சேமித்து வைத்து அதுவே போய் நிற்கும்படி செய்யலாம். பெரிய உதவி அது. ஆனாலும் ஜிபிஎஸ் பிழை அதிலும் உண்டு, ஆகவே ஷட்டரை அமுக்குவதற்கு முன் கோபுரத்தை ஒருதரம் கண்ணால் சரிபாருங்கள்.

நேரமும் வெயிலும்

பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஓர் இடத்துக்கு மேலே 16 நாளுக்கு ஒருமுறை, எப்போதும் அந்த ஊர் நேரப்படி காலை 10 மணியை ஒட்டியே வரும். வெளிச்சக் கோணம் முடிந்தவரை ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. நமக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

நண்பகலில் எடுத்தால் நிழல் குறைவுதான், ஆனால் நம் பகுதியில் ஒரு விசேஷம் உண்டு. சென்னை வட்டாரத்தில் ஏப்ரல் கடைசி வாரமும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே போய்விடுவதால் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். படங்களை ஓட்டும்போது மர நிழல் பக்கம் மாறுவது தெரியும். காலை 9 மணி வாக்கில் எடுத்தால் நிழல் வருடம் முழுக்க மேற்குப் பக்கமாகவே இருக்கும், வடக்கும் தெற்குமாக அசையும், அவ்வளவே. கடல்காற்றும் அந்நேரம் கிளம்பியிருக்காது, வெயில் ஏறியபின் வட்டமடிக்க வரும் பருந்துகளும் குறைவு. கேமரா மேற்கு நோக்கி இருந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பருந்து நெருங்கினால் ட்ரோனை நேர் மேலே ஏற்றி, அது விலகியதும் இறக்கிவிடுங்கள், அன்றைக்குப் படம் முக்கியமில்லை.

கேமரா அமைப்பு

ரா வடிவம் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு). ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, வொய்ட் பேலன்ஸ் 5600 கெல்வினில் பூட்டிவிடுங்கள், ஆட்டோவில் விட்டால் ஒரு வாரம் நீலம் ஒரு வாரம் மஞ்சள் என்று வரும். லென்ஸின் துளையையும் (அபெர்ச்சர்) மாற்ற முடிந்தால் அதையும் பூட்டி, ஷட்டரை மட்டும் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். ஜூம் தொடவே கூடாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை

வாரம் ஒன்று என்றால் வருடத்துக்கு 52 படம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓட்டினால் இரண்டே விநாடியில் முடிந்துவிடும்! அதனால் ஒவ்வொரு படத்தையும் 10 ஃபிரேம் பிடித்து, ஒன்று கரைந்து அடுத்தது வரும்படி செய்தால் 20 விநாடி சொச்சம் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரி நாளுக்கு நாள் மாறும். அந்த மாதங்களில் மழை விட்ட காலையெல்லாம் போங்கள். மழையில் பறக்கவிட வேண்டாம். கூடுதலாக எடுத்த படங்களுக்கு நாள் இடைவெளிக்கு ஏற்ப ஃபிரேமைக் குறைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் ஏரி மெதுவாக நிரம்பியது போலப் பொய்யாகக் காட்டும். அந்தப் பொய் வேண்டாம், அந்தத் தண்ணீரை நம்பி விதைத்தவர்கள் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

பொருத்துவது

கோப்புப் பெயர் தேதியிலேயே தொடங்கட்டும்: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். இலவசமாக வேண்டும் என்றால் ஹூகின் என்ற மென்பொருள், பணம் கட்டுவோருக்கு ஃபோட்டோஷாப்பில் அடுக்குகளைத் தானாகப் பொருத்தும் வசதி உண்டு. எதுவானாலும் தண்ணீரையும் வானத்தையும் மறைத்துவிட்டு, கோபுரம், கலிங்கு, மதகு இவற்றை மட்டும் பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் அலையைப் பிடித்துக்கொண்டு தடுமாறும். முதல் படத்தை அடிப்படையாக வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிற மாதிரியான ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால் வெட்டவேண்டிய ஓரம் குறையும்.

அப்புறம் எல்லாப் படங்களையும் ஒரே அளவில் வெட்டி, வெளிச்சத்தைக் கண்ணுக்கு நெருடாத அளவு சமப்படுத்தி, டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் வரிசையாகப் போட்டு 4கேயில் எடுங்கள். ஒரு மூலையில் மாதத்தின் பெயர் சிறிதாக வரட்டும். ரா கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், கூடவே கல் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண், உயரம், திசை, கிம்பல் சாய்வு, லென்ஸ் எல்லாவற்றையும் ஒரு குறிப்பாக எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். நடுவில் ட்ரோன் பழுதாகி வேறு வாங்க நேர்ந்தாலும், அடுத்த வருடம் வேறு ஒருவர் தொடர்ந்தாலும், இந்தக் குறிப்பு இருந்தால் அடுத்த படமும் பழைய வரிசையில் பொருந்தும்.