பிள்ளை ஆடும் கேம் பயன் தருமா? தோற்கும் இடத்தில் பாருங்கள்

ஒரு வாரமும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். 'கல்வி' என்று பெயரில் போட்டிருக்கிறதா என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

1. இன்ஸ்டால் செய்யும் முன்

பிளே ஸ்டோரில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயதுக் குறி இருக்கும். வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம் போன்றவற்றை வைத்துத் தரும் குறி அது. பல செஸ் ஆப்களுக்கும் 3+ தான். அதற்காக மூன்று வயதுப் பிள்ளை செஸ் ஆடிவிடாது. விளம்பரம் உண்டா, உள்ளே காசு கேட்குமா என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நீங்களே அரை மணி நேரம் ஆடி, வேண்டுமென்றே தோற்றுப்போங்கள்

முக்கியமான சோதனை இதுதான். தோற்றதும் வரும் திரை என்ன கேட்கிறது? 'விளம்பரம் பார், உயிர் தருகிறேன்', 'வைரம் வாங்கு', 'நாலு மணி நேரம் காத்திரு' என்றால், பிள்ளையின் ஏமாற்றத்தை வைத்துப் பிழைக்கும் கேம் அது.

லீசெஸ் (Lichess) என்ற செஸ் ஆப் இலவசம், விளம்பரம் கிடையாது. ஆட்டம் முடிந்தபின் எந்த நகர்த்தலில் தவறினோம் என்று அலசிப் பார்க்கலாம். கட்டங்களை வெட்டியும் அடுக்கியும் ஆடும் மைன்கிராஃப்ட் கேமில், உயிரைக் காத்துக்கொண்டு ஆடும் சர்வைவல் முறையில் செத்தால், கையில் இருந்த பொருள் எல்லாம் செத்த இடத்திலேயே சிதறிக் கிடக்கும். அந்தப் பக்கம் திரும்பிப் போனபின் 5 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். அதனால் பிள்ளை வழியை நினைவில் வைக்கிறது, அடுத்த முறை நல்ல பொருளைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்புகிறது. தோல்வி இங்கே யோசிக்க வைக்கிறது.

3. "எனக்கும் சொல்லிக் குடு"

20 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இதை மட்டும் கேளுங்கள். "இங்க தட்டினா காயின் வரும்" என்பதோடு பேச்சு நின்றால் பயன் குறைவு. மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளையிடம் "முதல்ல மரம் வெட்டணும், அப்புறம் மேசை செய்யணும், கல் பிக்காக்ஸ் இருந்தாத்தான் இரும்பு எடுக்க முடியும்" என்று வரிசையும் காரணமும் வந்தால் மூளை வேலை செய்கிறது.

4. நிறுத்தச் சொல்லும் நேரம்

பெற்றோர் அதிகம் தவறுவது இங்கேதான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற கேமில் ஒரு மேட்ச் சுமார் 10 நிமிடம். நடுவில் போனைப் பிடுங்கினால், சேர்ந்து ஆடும் நண்பர்களைக் கைவிட்டதாகிவிடும். கோபம் வரத்தான் செய்யும். "இந்த மேட்ச் முடிஞ்சதும் வச்சிடு" என்று முன்பே சொல்லுங்கள். முடிந்த பிறகும் தினமும் சண்டை, தூக்கமும் சாப்பாடும் தள்ளிப்போகிறது என்றால் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரக் கோபத்தை நோய் என்று சொல்லிவிடாதீர்கள்: 2022 முதல் நடப்பில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், கேம் அடிமைத்தனத்துக்குப் பொதுவாக 12 மாத அறிகுறிகளைப் பார்க்கிறார்கள்.

5. ஏரோபிளேன் மோடில் ஒரு நாள்

விளம்பரம், முகம் தெரியாதவர்களின் சாட், கேமுக்குள் காசு கேட்கும் கடை எல்லாம் அடங்கிவிடும். திறக்கவே மறுக்கும் கேமுக்கு இது பொருந்தாது. திறந்து, பிள்ளையும் அதே ஆர்வத்தோடு ஆடினால் அந்தக் கேமை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை காசு கட்டும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோர் அமைப்பில் மாற்றிவிட்டு, அதன்பிறகு நெட்டை ஆன் செய்யுங்கள்.