ஒரு ஷூ டப்பா, பதினேழு தடுப்பு: எங்கள் வீட்டு ஞாபகப் பெட்டி

அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கிய வாழ்த்து அட்டை ஐந்து மாதம் கழித்து என் மேசை இழுப்பறையில் கிடைத்தது. கவரில் முகவரி எழுதியாயிற்று, ஸ்டாம்பும் ஒட்டியாயிற்று. தபால்பெட்டியில் போடுவது மட்டும்தான் பாக்கி. அதற்கடியில் பையனின் பள்ளிக்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டிய படிவம் ஒன்று, தேதி தாண்டிப்போய் மடங்கிக் கிடந்தது.

அன்றிரவு மனைவியிடம் அலுத்துக்கொண்டேன். "வீட்டு வேலையில பாதி நான்தானே செய்றேன், அப்புறமும் ஏன் இப்படி ஆகுது?"

"செய்றீங்க, இல்லைன்னு சொல்லலை. எதை எப்போ செய்யணும்னு ஞாபகம் வெச்சுக்கிறது யாரு?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க அக்கா கார்டு மட்டும் என் கணக்குல இல்லை, அதான் இழுப்பறையில கிடக்குது" என்றாள்.

அவள் செவிலியர். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசி வாரம் வீட்டில் உடம்பு மட்டும்தான் இருக்கும். பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 7. வாஷிங் மெஷின் டிரம்மைச் சுத்தம் செய்வதும் சித்தப்பாவின் கல்யாண நாளுக்கு அட்டை அனுப்புவதும் வேறு வேறு வேலைகள்தான். ஆனால் இரண்டும் தவறுவது ஒரே காரணத்தால்: இரண்டையும் யாரோ ஒருவர் தலையில் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையை ஒரு டப்பாவுக்கு மாற்றிவிட்டோம். எப்படி என்று சொல்கிறேன்.

டப்பா ஷூ டப்பாதான். உள் அகலம் 17 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் வாழ்த்து அட்டைகளில் நிறைய ஏ6 அளவு, அதாவது 10.5க்கு 14.8 செ.மீ. அது போகும் சி6 கவர் 11.4க்கு 16.2. கவரைப் படுக்கைவாட்டில் நிறுத்தினால் உரசாமல் நிற்க வேண்டும். நான் முதலில் எடுத்த டப்பாவில் கவர் நிற்கவில்லை. மூலை மடங்கிய கவர்களை இரண்டு மாதம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தடுப்புக்குப் பழைய காலண்டரின் பின்னட்டை போதும். 13 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் கவருக்கு மேலே தலை தெரியும், அதில் பெயர் எழுதலாம். மாதங்களுக்குப் பன்னிரண்டு, வாரங்களுக்கு ஐந்து. ஐந்து ஞாயிறு வரும் மாதமும் உண்டு என்பதால் நான்கு போதாது. பழைய அலுவலகங்களில், அந்தந்த நாளில் பார்க்க வேண்டிய காகிதங்களைப் போட்டு வைக்க 43 உறை வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது: நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12. அதைத்தான் முதலில் வீட்டில் போட்டுப் பார்த்தேன். தினமும் ஒரு உறையைத் திறந்து பார்க்க அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். எங்கள் வீட்டில் இல்லை. வாரம்தான் எங்களுக்குச் சரிப்பட்டது.

டப்பாவின் கடைசியில் ஒரு கையகல இடம் விட்டு, அதில் எழுதாத வாழ்த்து அட்டைகள், கவர்கள், ஸ்டாம்புகள், ஒரு பால்பாயின்ட் பேனா. பேனாவை நூலால் டப்பாவோடு கட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் பேனாக்களுக்குக் கால் உண்டு.

இனி அட்டைகள். வெள்ளை அட்டை வேலைக்கு, மஞ்சள் அட்டை ஆளுக்கு. இரண்டும் 3க்கு 5 அங்குலம்.

வெள்ளை அட்டையில் வேலையின் பெயரை மட்டும் எழுதினால் சண்டைதான் மிஞ்சும். "குளியலறை" என்று எழுதி வைத்தேன். பெண் போய்த் தரையில் தண்ணீர் அடித்துவிட்டு வந்து "முடிச்சுட்டேன்" என்றாள். அவள் கணக்கில் அது முடிந்த வேலை, என் கணக்கில் தொடங்காத வேலை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இப்போது அந்த அட்டையில் இப்படி இருக்கிறது: "குளியலறை. கண்ணாடியில் சோப்புத் துளி இருக்கக் கூடாது. தரை மூலை பிரஷ்ஷால் தேய்த்தது. குப்பை வாளி காலி, உள்ளே புதுப் பை. துவைத்த துண்டு மாட்டியிருக்க வேண்டும். பிரஷ், திரவம்: வாஷ்பேசினுக்குக் கீழே இடது பக்கம். 22 நிமிடம். வாரம் ஒரு முறை." வேலை முடிந்தால் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதை எழுதினால் போதும், எப்படிச் செய்வது என்பதை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். பொருள் இருக்கும் இடத்தையும் கட்டாயம் எழுதுங்கள். "அது எங்கம்மா இருக்கு?" என்ற கேள்வி வீட்டில் பாதியாகக் குறைந்தது இந்த ஒரு வரியால்தான்.

அந்த 22 நிமிடம் குத்துமதிப்பு இல்லை. பெண் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தது. நான் ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்து மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேலை அது. துணி மடிப்பது பத்து நிமிடம் என்று நினைத்திருந்தேன், 35 ஆனது. பத்து நிமிட வேலைதானே என்று இத்தனை நாள் அதை யார் தலையில் கட்டியிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் உற்சாகத்தில் 94 அட்டை எழுதினேன். இப்போது 41 இருக்கிறது. சமையல், பாத்திரம் கழுவுதல், படுக்கை மடித்தல் போன்ற தினசரி வேலைக்கு அட்டை வேண்டாம். அது பழக்கத்தில் ஓடும். வாரம் ஒரு முறை, மாதம் ஒரு முறை, ஆண்டுக்கு ஒரு முறை வருகிற வேலைகள்தான் மறந்துபோகும், அவற்றுக்குத்தான் டப்பா.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் போனில் அலாரம் அடிக்கும். இந்த ஏற்பாட்டில் போனுக்கு இருக்கும் ஒரே வேலை அதுதான். எல்லாவற்றையும் செயலியிலேயே வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வைத்துப் பார்த்தோம். ஏழு வயதுப் பையனிடம் போன் இல்லை, ஷிஃப்டில் இருப்பவள் போனை லாக்கரில் வைத்திருப்பாள்; கடைசியில் செயலியைப் பார்த்து எல்லோருக்கும் சொல்லும் வேலையும் ஒருவர் தலையில் விழுந்தது. டப்பா கூடத்து மேசையில் இருக்கிறது, யாரும் திறக்கலாம்.

அலாரம் அடித்ததும் அந்த வாரத் தடுப்புக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் மேசையில் பரப்புவோம். ஆளாளுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மூன்று அட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்றை முடித்துத் திருப்பி வைத்தால்தான் அடுத்தது. இந்த வரம்பு என் கண்டுபிடிப்பு இல்லை. டோயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையில் உதிரிபாகங்களோடு அட்டையும் பயணிக்கும். அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்த பாகம் செய்வார்கள். வேலை தேங்காமல் இருக்க அவர்கள் கண்ட வழி, வீட்டில் பையனின் பேராசைக்கு மருந்தாயிற்று. அவன் முதல் வாரம் எட்டு அட்டை அள்ளிக்கொண்டு போய்த் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான்.

முடித்தவர் அட்டையின் பின்பக்கம் பெயரின் முதல் எழுத்தும் தேதியும் போட்டு, அது அடுத்து வர வேண்டிய வாரத்துக்கோ மாதத்துக்கோ பின்னால் செருகிவிடுவார். செருகுவதுதான் முக்கியம். அந்தக் கணத்தில் அந்த வேலை தலையை விட்டு இறங்கிவிடுகிறது. மூன்று மாதம் கழித்துப் பின்பக்கங்களைப் புரட்டினால் யார் எழுத்து எத்தனை தடவை இருக்கிறது என்பது தெரியும். எங்கள் வீட்டில் தெரிந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

மஞ்சள் அட்டைக்கு வருகிறேன். மேலே பெயர், உறவு. அதற்குக் கீழே பிறந்தநாள் அல்லது கல்யாண நாள். முகவரி மட்டும் பென்சிலில், பக்கத்தில் அதைக் கடைசியாகச் சரிபார்த்த ஆண்டு. மனிதர்கள் வீடு மாறுகிறார்கள், பேனாவில் எழுதிய முகவரி மாறுவதில்லை.

அட்டையைப் பிறந்தநாள் வரும் மாதத்தில் வைக்காதீர்கள். அனுப்ப வேண்டிய மாதத்தில் வையுங்கள். மார்ச் 4 பிறந்தநாள் என்றால் எங்கள் டப்பாவில் அது பிப்ரவரியில் இருக்கும், ஏனென்றால் பத்து நாள் முன்னால் போஸ்ட் செய்கிறோம். வெளிநாடு என்றால் மூன்று வாரம். பிறந்தநாள் காலையில் ஞாபகப்படுத்துகிற எந்த ஏற்பாடும் வாழ்த்து அட்டைக்கு உதவாது. வெளிநாட்டு முகவரியில் நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அனுப்புநர் முகவரியையும் விடாதீர்கள், அது இருந்தால்தான் போய்ச் சேராதது திரும்பி வரும்.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர் யாராவது உங்கள் வீட்டில் உண்டா? நாட்காட்டிச் செயலியில் அதை ஆண்டுதோறும் என்று பதிந்தால் பலவற்றில் அது லீப் ஆண்டில் மட்டும்தான் எட்டிப் பார்க்கும். மனைவியின் தோழி ஒருத்தி இப்படி மூன்று ஆண்டு வாழ்த்தில்லாமல் போனாள்.

மஞ்சள் அட்டையின் பின்பக்கம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரி: எந்தப் படம் போட்ட அட்டை, என்ன எழுதினோம். இதையும் பட்டுத்தான் கற்றேன். இழுப்பறையில் கிடைத்த அட்டையை மறுநாளே மன்னிப்போடு அக்காவுக்கு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து ஐம்பத்தொன்று. இந்த முறை சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அக்கா போன் செய்தாள். "டேய், போன தடவை அனுப்பின அதே நீல மயில்தான்டா. உள்ள எழுதியிருக்கிறதுகூட அதேதான்." ஒரே அட்டையை ஆறு வாங்கினால் சௌகரியம் என்று நினைத்தவனுக்கு நியாயமான தண்டனை. இப்போது உள்ளே எதுவும் அச்சிடாத அட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு, வேறு வேறு படங்களில் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

பையன் செய்யும் வாழ்த்து அட்டைகளும் போகும். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கெட்டியான ஏ5 தாளை இரண்டாக மடித்தால் அது ஏ6, அதே சி6 கவருக்குள் போய்விடும். அப்படியே மடித்தால் கெட்டித் தாள் வெடித்துப் பிசிறு தட்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோடு வைத்து நடுவில் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள், கத்தி போல் மடியும். பளபளப்புத் தாளில் ஜெல் பேனா வேண்டாம், கை பட்டால் இழுவும்.

எழுதுவதற்குத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். வணிக முறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையே கடிதம் எழுத நேரமில்லாத ஒருவரின் யோசனைதான். லண்டனில் ஹென்றி கோல் 1843-இல், குவிந்து கிடந்த கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதி மாளாது என்று ஓவியர் ஜான் கால்கட் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி அச்சடித்துக்கொண்டார். ஆக, சுருக்கமாக எழுதுவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். எங்கள் அளவு மூன்று வாக்கியம். ஒன்று அவரைப் பற்றி, ஒன்று நம்மைப் பற்றி, ஒன்று வாழ்த்து. சித்தப்பாவுக்குப் போனது இது: "நீங்கள் சரிசெய்து கொடுத்த சைக்கிளில்தான் பையன் இப்போது ஓட்டக் கற்கிறான். நேற்று கையை விட்டுவிட்டேன், பத்தடி போனான். நீங்களும் சித்தியும் நன்றாக இருக்க வேண்டும்." நான்கு நிமிடம் ஆனது. ஒரே உட்காரலில் ஐந்து அட்டைக்கு மேல் எழுதினால் ஆறாவது அட்டை முதல் அட்டையின் நகலாகிவிடும்.

ஒருவர் இறந்துபோனால் அவருடைய மஞ்சள் அட்டையை எடுத்துவிடுவதுதான் என் முதல் வழக்கமாக இருந்தது. மனைவி தடுத்தாள். அந்தத் தேதியை அவருடைய கணவர் அல்லது மனைவியின் அட்டைக்கு மாற்றி எழுதிவிடுவாள். மாமா போன பிறகு வந்த அவருடைய முதல் பிறந்தநாளுக்கு அத்தைக்கு இரண்டு வரி போனது. அத்தை அதை இன்னும் கண்ணாடிக் கதவில் செருகி வைத்திருக்கிறார்.

மாதக் கடைசியில் டப்பாவைத் திறக்காமல் இரண்டு ஞாயிறு போவது எங்களுக்கும் உண்டு. பாக்கியை எல்லாம் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், மூன்றாவது ஞாயிறும் போய்விடும். பரப்பி வையுங்கள், பாதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். தாமதமான வாழ்த்து அட்டையை மட்டும் தள்ள வேண்டாம், அன்றே அனுப்புங்கள். மன்னிப்பு ஒரு வரி போதும்.

தொடங்க நினைத்தால் இந்த ஞாயிறு ஐந்து வெள்ளை, ஐந்து மஞ்சள் எழுதுங்கள். மீதியெல்லாம் மறக்க மறக்கத் தானாக வந்து சேரும். எங்கள் டப்பாவில் அக்காவின் அட்டையைப் பெண் எப்போதோ எடுத்துப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. பின்பக்கம் அடுத்த ஆண்டுக்கான இடத்தில் அவள் கையெழுத்து: "மயில் வேண்டாம் அப்பா."