குமிழைத் திருப்பினால் நகரும் லோ-பாஸ் ஃபில்டர்

ஷார்ட்வேவ் ரிசீவரின் முன்னால் வைக்க 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை விட்டு, மேலுள்ளதை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் செய்தேன். வெட்டும் இடத்தை வோல்டேஜால் நகர்த்த வேண்டும் என்பதுதான் தேவை.

1. கணக்கு. 50 ஓமுக்கு, மூன்று உறுப்பு பை அமைப்பு (π வடிவம்: நடுவில் காயில், இரு ஓரத்திலும் கிரவுண்டுக்குக் கெப்பாசிட்டர்), பட்டர்வொர்த் (மேடு பள்ளம் இல்லாத வளைவு). இரு ஓரத்திலும் 106 பிகோஃபாரட், நடுவில் 0.53 மைக்ரோஹென்றி.

2. காயில். டி37-6 மஞ்சள் டொராய்டில் (வளைய வடிவ இரும்புத்தூள் கோர்) 13 சுற்று போட்டால் ஏறக்குறைய 0.51 மைக்ரோஹென்றி வரும், போதும். கடையில் கிடைக்கும் ரெடிமேட் சோக் காயிலைவிட நான் எப்போதும் டொராய்டைத்தான் எடுப்பேன். சுற்றுகளை விரலால் நெருக்கியும் விலக்கியும் மதிப்பைச் சரிசெய்யலாம்.

3. வராக்டர், அதாவது வோல்டேஜ் ஏறினால் கெப்பாசிட்டன்ஸ் குறையும் டயோடு. ஒவ்வொரு ஓரத்திலும் 47 பிகோஃபாரட் என்பிஓ (வெப்பத்தால் மதிப்பு மாறாத) கெப்பாசிட்டர், அதற்கு இணையாக இரண்டு பிபி112 டயோடுகள். இரண்டின் கேதோடும் நடுவில் சேரட்டும். ஒரு ஆனோடு சிக்னல் லைனுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. நடுப்புள்ளிக்கு 100 கிலோஓம் வழியாக, குமிழால் மாறும் 1 முதல் 8 வோல்ட் பயாஸ். ஒற்றை டயோடு வேண்டாம். பலமான ஸ்டேஷன் வந்தால் சிக்னலே அதன் மதிப்பை ஆட்டும்.

4. நான் இரண்டு இரவு மாட்டிக்கொண்ட இடம். மேசையில் 50 ஓம் லோடை நேராக மாட்டிச் சோதித்தபோது எல்லாம் சரி. பெட்டிக்குள் இரு பக்கமும் 10 நானோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் போட்டதும் கோளாறு. குமிழை ஏற்றினால் நானோவிஎன்ஏ (ஃபில்டரின் வளைவை வரைந்து காட்டும் சிறு கருவி) திரையில் கோடு சரியான இடத்துக்குப் போகும், சில நொடியில் மெல்லக் கீழே இறங்கிவிடும். காரணம் தேட லைனில் மல்டிமீட்டர் முனையை வைத்தேன், கோடு சரியாகிவிட்டது! எடுத்தேன், மறுபடி இறங்கியது. அப்போதுதான் புரிந்தது: கெப்பாசிட்டர்கள் டிசி பாதையை அடைத்துவிட்டதால் லைன் அந்தரத்தில் நிற்கிறது. டயோடின் கசிவு மின்னோட்டம் லைனை பயாஸ் அளவுக்கே ஏற்றிவிட, மேல் டயோடுக்கு வோல்டேஜே இல்லை. மீட்டரின் 10 மெகாஓம் அந்தக் கசிவுக்கு வழி கொடுத்திருக்கிறது. லைனிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோஓம் வையுங்கள், தீர்ந்தது. காயில் இரு ஓரத்தையும் டிசியில் இணைப்பதால் ஒன்றே போதும்.

5. எல்லை. காயில் மாறாததால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஓரத்து 106 பிகோஃபாரட்டை இரட்டிப்பாக்கினால் வெட்டும் இடம் சுமார் 23 மெகாஹெர்ட்ஸ், பாதியாக்கினால் சுமார் 36. பாதியாக்கும்போது வளைவின் தோள்பட்டையும் (வெட்டும் இடத்துக்குச் சற்று முந்தைய பகுதி) சரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ரிலே வைத்துத் தனித்தனி ஃபில்டர்களை மாற்றுவதே நல்லது.

பிற்சேர்க்கை: இதை டிரான்ஸ்மிட்டருக்குப் பின்னால் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. 5 வாட் என்றாலே 50 ஓமில் உச்சம் 22 வோல்ட். டயோடு கடத்தத் தொடங்கி, எந்த ஹார்மோனிக்கை (அலைவரிசையின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல்) அடக்க வேண்டுமோ அதை அதுவே உண்டாக்கும்.