கிராம சபைக்குப் போகும் முன் நாலு தெரு நடக்க வேண்டும்

திருநெல்வேலி மாவட்டம் மானூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் முப்பத்துநாலு வருஷம் தபால் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற வருஷம் முதன்முதலாகக் கிராம சபைக்குப் போனேன். குடிதண்ணீர் சரியாக வரவில்லை என்று மைக்கைப் பிடித்துக் கால் மணி நேரம் பேசினேன். நல்ல கைதட்டல். அப்புறம் டீயும் வடையும் வந்தது, எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தால், என் கால் மணி நேரம் ஒரே வரியாக இருந்தது: 'பொதுமக்களின் கோரிக்கைகள் பரிசீலிக்கப்பட்டன.'

அதற்கடுத்த கூட்டங்களில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். பேசுவது இதில் ரொம்பச் சின்ன வேலை. பெரிய வேலை கூட்டத்துக்கு முந்தைய ஒரு மாதத்திலும், கூட்டம் முடிகிற கடைசிப் பத்து நிமிஷத்திலும் இருக்கிறது.

முதலில் தேதி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நாலாக இருந்ததை 2022-இல் ஆறாக்கினார்கள்; உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்ந்தன. உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை. தண்ணீர்ப் பிரச்சினை என்றால் மார்ச் 22-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசாதே என்று யாரும் சொல்ல முடியாது.

தேதியிலிருந்து ஒரு மாதம் பின்னால் எண்ணி, அன்று சாயங்காலம் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். கையெழுத்து வாங்கப் போகாதீர்கள். கேள்வி கேட்கப் போங்கள். நான் கேட்டவை மூன்றுதான்: குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனை குடம் பிடிக்கிறீர்கள், வராத நாளில் எங்கே போகிறீர்கள். அஞ்சு நாள், நாலு தெரு. மேலத்தெருவில் வீட்டுக்குப் பதினைந்து குடம். கடைசித் தெருவான கீழத்தெருவில் மூணு, சில நாள் இரண்டு.

போகிற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பாதி வீட்டில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். காலையில் போனால் கடைக்குக் கட்டு கொண்டு போகிற அவசரத்தில் இருப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுளகை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார்கள் பாருங்கள், அதுதான் நேரம். கை பாட்டுக்கு இலையைச் சுற்றும், வாய் உண்மையைச் சொல்லும்.

கடைசித் தெருவில்தான் என் புத்தியே மாறியது. நான் மனதில் வைத்திருந்தது புது மேல்நிலைத் தொட்டி. அதைச் சொன்னதும் ஒரு பெரியம்மை சிரித்துவிட்டாள்.

"தொட்டி கட்டுனா எங்களுக்கு என்ன அண்ணாச்சி? மேலத்தெருவுல மோட்டார் வச்சு உறிஞ்சுதான். நீரு எத்தனை தொட்டி கட்டுனாலும் அவன் உறிஞ்சுவான்."

குளத்துப் பாசனம் தெரிந்த ஊர் எங்கள் ஊர். கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால் தலைமடைக்காரனிடம் முறை பேசுவோமே தவிர, குளத்தைப் பெரிசாக வெட்டு என்று சொல்ல மாட்டோம். வயலுக்குத் தெரிந்தது குழாய்க்குத் தெரியவில்லை எனக்கு. பல லட்சம் கேட்கப் போனவன், தண்ணீரைத் திறந்து மூடத் தெருவுக்கு ஒரு கேட் வால்வும் கடைசி நூற்றைம்பது மீட்டருக்குப் பெரிய குழாயும் கேட்டால் போதும் என்று திரும்பி வந்தேன்.

அடுத்து, உங்களை எதிர்க்கப் போகிறவர் வீடு. அதைத் தவிர்க்கவே கூடாது. மோட்டார் வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் பேசினேன். முதல் நாள் கத்தினார். இரண்டாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது: படுத்த படுக்கையாகத் தாயார், காலை ஆறு மணிக்குள் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வீடு நாறிப்போகும். இதைச் சபையில் மைக்கில் சொல்வாரா மனுஷன்? அங்கே 'முடியாது' என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். காலையில் அரை மணி நேரம் எல்லாத் தெருவுக்கும் பொதுவாகத் திறப்பது, அதன் பிறகு கடைசித் தெருவிலிருந்து முறை என்று அவர் திண்ணையிலேயே பேசி முடித்தோம். மோட்டாரைக் கழற்றுவதாக வாயால் சொல்லவில்லை. கழற்றிவிட்டார்.

மானூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 800 வாக்கில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. சபையில் எதைக் கொண்டுவந்தாலும் அல்ல, அல்ல என்றே முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கும் அவர்களுக்குத் துணை போகிறவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்று அதில் விதி எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே கூட்டத்தில் இதே தொல்லை! பெருமையாகச் சொல்வேன், ஆனால் அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபை. எங்கள் கடைசித் தெருவுக்கு அதில் இடம் கிடையாது. தண்டம் போடுவதைவிட ஏன் 'அல்ல' என்கிறார் என்று போய்க் கேட்பது மலிவு என்பது என் கட்சி.

இடத்தையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மதம் சார்ந்த வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது. எங்கள் ஊரில் வழக்கமாகக் கோயில் முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசித் தெருவிலிருந்து ஒருத்தரும் வர மாட்டார்கள். ஏன் என்று நான் விளக்க வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தோம். அந்த முறை அந்தத் தெருவிலிருந்து மட்டும் நாற்பது பேர். ஆள் கணக்கும் முக்கியம்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

மனு ஒரு பக்கம் போதும். இரண்டு பிரதி எடுத்து, கூட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால்காரன் சொல்கிறேன், முத்திரை இல்லாத தாள் வெறும் தாள். இன்னொன்று, தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் எழுதியது இப்படி:

'கீழத்தெரு உள்ளிட்ட நான்கு தெருக்களுக்கும் சமமாகக் குடிநீர் கிடைக்கும் பொருட்டு, தெருவுக்கு ஒரு கேட் வால்வு அமைக்கவும், கீழத்தெருவின் கடைசி 150 மீட்டர் குழாயை மாற்றவும், திறக்கும் நேரத்தை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கவும் இந்தச் சபை தீர்மானிக்கிறது.'

என்ன, எங்கே, எவ்வளவு. 'ஆவன செய்ய வேண்டும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த மூன்று வார்த்தையில் எத்தனையோ மனு செத்துப் போயிருக்கிறது.

கூட்டத்தன்று முன்வரிசை வேண்டாம், நடுவில் உட்காருங்கள். முதல் வேலையாக, போன கூட்டத்துத் தீர்மானங்கள் என்ன ஆயின என்று வாசிக்கச் சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கையும் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பார்கள், அதைப் படியுங்கள். உங்கள் விஷயம் வரும்போது நீங்கள் பேசாதீர்கள். குடம் தூக்குகிறவரைப் பேச விடுங்கள். பெரியம்மை எழுந்து 'மேலத்தெரு பதினைஞ்சு, எங்களுக்கு மூணு' என்று சொன்னதோடு கூட்டம் அமைதியாகிவிட்டது. நான் பேசியது இரண்டே நிமிஷம். சத்தம் கூடினால் பதிலுக்குக் கத்தாமல், எதிராளி சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளும்படி நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பாதிச் சண்டை அதில் அடங்கும். மீதிப் பாதி அரசியல், அது அடங்காது.

கடைசிப் பத்து நிமிஷம்தான் உயிர். எல்லோரும் டீ டம்ளரைத் தேடுவார்கள். நீங்கள் தீர்மானப் புத்தகம் பக்கத்தில் போய் நில்லுங்கள். எழுதியதை மைக்கில் வாசிக்கச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்து. மேலே எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைக்கு என்று போடுவது சம்மதமாக மாறிவிடும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் வேண்டும் என்றதும் எங்கள் ஊரில் முப்பது பேர் கிளம்பினார்கள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் குடத்தில் ஓலை போட்டு ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொன்னது போல, நாங்களும் எவர்சில்வர் குடத்தில் சீட்டுப் போட்டோம். எடுத்தது நாலாம் வகுப்புப் பிள்ளை. அயர்லாந்தில் 2016-இல் கருக்கலைப்புச் சட்டம் பற்றி யோசிக்கக் குலுக்கலில் 99 குடிமக்களை எடுத்து உட்கார வைத்தார்கள், 2018-இல் அது பொதுவாக்கெடுப்பு வரை போனது. நமக்கு ஒரு வால்வு. குலுக்கலில் வந்தவர் மேல் ஊரில் யாருக்கும் கோபம் வராது, அது பெரிய சௌகரியம்.

இரண்டு மாதத்தில் அசைவு இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு, என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனாலும் அந்தத் தீர்மான நகலோடு போங்கள். வெறும் புகாரோடு போகிறவருக்கும் தீர்மானத்தோடு போகிறவருக்கும் அங்கே மரியாதையில் வித்தியாசம் உண்டு.

எங்கள் கதை இன்னும் முடியவில்லை. நாலு வால்வும் வந்துவிட்டது. குழாய் எழுபது மீட்டர்தான் மாற்றியிருக்கிறார்கள். பெரியம்மை இப்போது, தண்ணீர் பீடிக் கடைக்குப் போகிற நேரத்தில் வருகிறது, நேரத்தை மாற்று என்கிறாள். நவம்பர் 1-க்கு முன்னால் மறுபடி நாலு தெரு நடக்க வேண்டும். நோட்டு வாங்கி வைத்தாயிற்று.