அல்பாக்கா வளர்ப்பு: கம்பளியை நம்பாமல் கையை நம்புங்கள்

முதலில் எண்ணிக்கை. அல்பாக்கா, கம்பளிக்காக வளர்க்கப்படும் தென்னமெரிக்க ஒட்டகக் குடும்பப் பிராணி; மந்தையாக வாழும். தனியாக விட்டால் மிரண்டு, தீனி எடுக்காமல் நலிந்துபோகும். குறைந்தது மூன்று வாங்குங்கள். இரண்டு போதும் என்று நினைத்தால், ஒன்று இறந்ததும் மற்றது தனித்துவிடும். புதியவர்களுக்குக் காயடித்த ஆண்களே ஏற்றவை. மந்தையோடு சேராமல் புட்டிப்பாலில் செல்லமாக வளர்ந்த ஆண் குட்டி மட்டும் வேண்டாம். வளர்ந்ததும் மனிதரைப் போட்டி ஆணாக நினைத்து மோதும்.

அடுத்தது நிலம். நல்ல புல் உள்ள ஒரு ஏக்கரில் நான்கைந்து வளர்க்கலாம். அதை இரண்டு மூன்று பட்டிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய விடுங்கள். வேலி 1.2 மீட்டர் உயரமாவது இருக்கட்டும். முள்கம்பி கூடாது, கம்பளி சிக்கிக் காயமாகும். வேலியின் முக்கிய வேலை நாய்களை வெளியே நிறுத்துவது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க மூன்று பக்கம் அடைத்த கொட்டகை போதும்.

தீனிக்குப் புல்லும் உலர்புல்லுமே அடிப்படை. ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 65 கிலோ பிராணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் உலர்தீனி. தானியத்தைத் திடீரென அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுத் தீவனமும் வேண்டாம், அதிலுள்ள தாமிரம் அல்பாக்காவுக்கு நஞ்சாகலாம். மேய்ச்சல் பக்கம் அரளி இருந்தால் வேரோடு அகற்றுங்கள்.

இனிதான் பலர் தவறவிடும் வேலை. அல்பாக்கா நோயை வெளிக்காட்டாது. எலும்பும் தோலுமாக இளைத்தாலும் கம்பளி மறைத்துவிடும். அதனால் மாதம் இருமுறை, கடைசி விலா எலும்புக்கு நேரே முதுகில் கம்பளிக்குள் கையை விட்டு அழுத்திப் பாருங்கள். முதுகெலும்பின் இருபுறமும் சதை கூரைச் சரிவுபோல நேராக இறங்கினால் நலம். குழிந்திருந்தால் இளைப்பு, புடைத்திருந்தால் கொழுப்பு. மாதம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள்.

கூடவே கீழ் இமையைத் தாழ்த்திப் பாருங்கள். வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவாக இருக்கலாம். புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுத்து முட்டை எண்ணிக்கை தெரிந்தபின் மருந்து கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் மருந்துக்கு மசியாத புழுக்கள் பெருகும். ஆட்டுக்கான அளவும் இதற்குப் பொருந்தாது, கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு வசதி: மந்தை முழுவதும் ஒரே பொது இடத்தில்தான் புழுக்கை போடும். அந்தக் குவியலை வாரம் இருமுறை அள்ளினாலே புழுத்தொல்லை குறையும்.

நகங்களை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். கம்பளியை ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் தொடங்குமுன் கத்தரித்துவிட வேண்டும். கோடையில் பிராணி வாய் திறந்து மூச்சிரைத்தால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றுக்கும் கால்களுக்கும் தண்ணீர் விடுங்கள். முதுகில் ஊற்றாதீர்கள், நனைந்த கம்பளி சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். ஆசனவாய் வெப்பம் 37.5 முதல் 38.9 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 40-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள்.