முருங்கைச் சாறும் பச்சை ஒளியும்: ஃப்ரீ ரேடிக்கல் அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீசியஸில் முருங்கைக் கீரையைக் கிரியோலில் ‘ப்ரெட் முரூம்’ என்கிறோம். பெயருக்குள் நம் முருங்கை அப்படியே இருக்கிறது. வீட்டில் உண்ணும் இந்தக் கீரையின் சாற்றைச் செல்களில் இட்டு, ஃப்ரீ ரேடிக்கல்கள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகள்) குறைகின்றனவா என்று பார்க்க விரும்பும் தமிழ் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

‘சாறு இட்டதும் ஆர்.ஓ.எஸ். குறைந்தது’ என்ற வாக்கியத்திலேயே முதல் தவறு இருக்கிறது. ஆர்.ஓ.எஸ். (வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகள்) என்பது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ரேடிக்கல் முதலியவற்றுக்கான தொகுப்புப் பெயர். இவற்றுள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஃப்ரீ ரேடிக்கலே அன்று. ஹைட்ராக்சில் ரேடிக்கலோ, பிறந்த இடத்திலேயே அருகில் அகப்படும் எதனோடும் வினைபுரிந்து நானோநொடிக் கணக்கில் தீர்ந்துவிடும். ஆகவே உண்ட கீரை அதை உடலுக்குள் தேடிப்பிடித்து அழித்தது என்று எழுதுவது வேதியியலுக்கு ஒவ்வாது. எந்த மூலக்கூறு என்று பெயர் சொல்லுமாறு 2022-இல் ‘நேச்சர் மெட்டபாலிசம்’ இதழில் வெளியான நெறிமுறையும் வற்புறுத்துகிறது.

அதிகம் ஏமாற்றுவது டி.சி.எஃப். எனப்படும், ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் பச்சையாக ஒளிரும் சாயம். மலிவானது, பயன்படுத்த எளிது. அதனால்தான் பல ஆய்வகங்களிலும் காணப்படுகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் இரண்டும் நேரடியாக வினைபுரிவதே அரிது. இடையில் இரும்போ, பெராக்சிடேஸ் நொதியோ, சைட்டோகுரோம் சி என்ற இரும்புள்ள புரதமோ வேண்டும். செல் இறக்கும் தறுவாயில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியேறினால், பெராக்சைடு கூடாமலேயே ஒளி கூடலாம். போதாக்குறைக்கு, சாயத்தின் இடைநிலை ரேடிக்கல் ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூப்பராக்சைடை உண்டாக்கும். நுண்ணோக்கியின் ஒளியும் சாயத்தை ஆக்சிஜனேற்றும். அளக்கும் கருவியே அளவைக் கூட்டினால் அந்த எண்ணை எப்படி நம்புவது?

ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சிவப்பாக ஒளிரும் டைஹைட்ரோஎதிடியம் என்ற சாயத்திலும் இதே போன்ற சிக்கல் உண்டு. சூப்பராக்சைடு தரும் 2-ஹைட்ராக்சிஎதிடியமும், பிற ஆக்சிஜனேற்றங்கள் தரும் எதிடியமும் ஒரே சிவப்பாகத் தெரியும் என்பதால், கலவையின் கூறுகளைப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பிரித்தே பார்க்க வேண்டும். ரேடிக்கல்களைக் கண்டறியும் ஈ.பி.ஆர். முறையில், அவற்றைப் பிடித்து வைக்கும் டி.எம்.பி.ஓ. என்ற சேர்மத்தைப் பயன்படுத்துவோர், அது பிடித்த சூப்பராக்சைடுச் சேர்மம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் சிதைந்து ஹைட்ராக்சில் சேர்மமாகத் தோற்றம் தரும் என்பதை மறக்கலாகாது. கொழுப்புச் சிதைவைக் காட்டும் டி.பி.ஏ. சோதனையில் சர்க்கரைகளும் நிறம் தரும். புயல் காலத்து மின்வெட்டில் உறைநிலைப் பெட்டி இளகி மீண்டும் உறைந்த மாதிரிகளை அதற்குப் பயன்படுத்தாதீர்கள், இளகிய வேளையிலும் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும்.

டி.பி.பி.எச். என்ற செயற்கை ரேடிக்கலின் கரைசலில், சாறு இட்டதும் ஊதா நிறம் மங்குவதை உடல்நலச் சான்றாகக் காட்டுவது எனக்கு உவப்பானதன்று. அந்த ரேடிக்கல் எந்த உயிரின் உடலிலும் இல்லை.

முருங்கைக்கே திரும்புவோம். இலைச்சாறுகளில் உள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் பல, செல் வளர்ப்பு ஊடகத்தில் தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அந்தப் பெராக்சைடு செல்லைத் தாக்குவதையோ, செல் விழித்துத் தன் தற்காப்பு நொதிகளைப் பெருக்குவதையோ சாற்றின் குணமென்று எழுதிவிடுகிறோம். ஆகவே முதலில் செல் இல்லாத ஊடகத்தில் சாற்றை மட்டும் இட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்கிறதா என்று அளந்து பாருங்கள். பிறகு செல்கள் உள்ள ஊடகத்தில் சாற்றோடு, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியையும் சேருங்கள். அந்த நொதி செல்லுக்குள் எளிதில் புகாது. அப்படியிருந்தும் சாற்றின் விளைவு மறைந்துவிட்டால், நீங்கள் கண்டது ஊடகத்தில் நடந்த வினையின் விளைவு.