மின்னூலகத் தமிழுக்குப் பொது நிதி: வாசகர் வட்டங்கள் கோரிக்கை வைக்கும் முறை

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்கள் நமக்குக் கட்டணமின்றிக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றின் விலையைப் பொது நிதி ஏற்றுக்கொள்வதுதான். 1995இல் அமைக்கப்பட்ட அந்த வாரியம் இன்று மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சின்கீழ் இயங்குகிறது. அதன் செலவில் பெரும்பகுதி அரசாங்க மானியத்திலிருந்தே வருகிறது. ஆகவே, தமிழ் மின்வளங்கள் பெருக வேண்டும் என விரும்பும் வாசகர் வட்டம், அந்த நிதி ஒதுக்கப்படும் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நிதியமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் வரவுசெலவு மதிப்பீட்டு ஆவணத்தில், அமைச்சுவாரியாக நடைமுறைச் செலவும் மேம்பாட்டுச் செலவும் தனித்தனியே காட்டப்படுகின்றன. அந்தப் பகுப்பை மனத்தில் கொண்டு, கேட்பது ஒருமுறைச் செலவா, தொடர்செலவா என்பதைக் கடிதத்திலேயே பிரித்துக் காட்டுங்கள். பழைய இதழ் ஒன்றை வருடி மின்னிலக்கமாக்குவது பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. மின்னூல் உரிமமோ அப்படியன்று: பல பதிப்பகங்கள் இரண்டு ஆண்டுகளுக்கோ 26 இரவல்களுக்கோ மட்டுமே உரிமம் தருகின்றன, பொதுவாக ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். காலம் முடிந்தால் மீண்டும் வாங்கியாக வேண்டும் என்பதால், "அதிகத் தமிழ் நூல்கள் தேவை" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்த நூல்கள், எந்த வயதினருக்கு, எத்தனை உறுப்பினர்கள் காத்திருக்கின்றனர் என்று எழுதுவதே பயன் தரும். உறுப்பினர்கள் வாரியத்திடம் நூல்களைப் பரிந்துரைக்கவும் வழியுண்டு.

நேரமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரியில் தாக்கலாகிறது. அதற்கு முன், ஆண்டு முடிவையொட்டிப் பொதுமக்களின் கருத்துகளை நிதியமைச்சும், அரசாங்கத்தின் கருத்தறியும் பிரிவான ரீச் அமைப்பும் திரட்டுகின்றன. அப்போதே எழுதுங்கள். அதன்பின் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் கண்டு, ஒவ்வோர் அமைச்சின் செலவையும் நாடாளுமன்றம் ஆராயும் செலவின ஒதுக்கீட்டு விவாதத்தில் இதை எழுப்பும்படி கேளுங்கள். அமைச்சின் ஒதுக்கீட்டில் $100 குறைக்கும்படி பெயரளவில் முன்மொழிந்து பேச நேரம் பெறுவது அங்குள்ள மரபு. அவ்வுரை தமிழிலேயே அமையலாம் என்பது நமக்குக் கிடைத்துள்ள அரிய வாய்ப்பு.

பணம் கிடைத்தாலும் பதிப்புரிமை உடையவரின் இசைவு இல்லாமல் நூலை இணையத்தில் திறந்துவைக்க இயலாது. படைப்பாளியின் ஆயுட்காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள் உரிமை நீடிப்பதால், மறைந்த எழுத்தாளர்களின் வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே மிகுந்த உழைப்பைக் கோரும் பணி. இதை எந்த அலுவலகத்தையும்விடச் சமூகமே சிறப்பாகச் செய்யும் என்பது என் உறுதியான கருத்து. 2015இல், நாட்டின் பொன்விழாவை ஒட்டி, ஐம்பது ஆண்டுக்காலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னிலக்கமானபோது தொண்டூழியர்கள் வாரியத்துடன் கைகோத்து உழைத்தனர். எனவே, கோரிக்கைக் கடிதத்துடன் உரிமையாளர்களின் கையொப்பமிட்ட இசைவுகளையும், நூல்களின் நல்ல பிரதி யாரிடம் உள்ளது என்ற பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள்.